மாந்தோல் சுற்றிய மிட்டாய்

அத்தியாயம் பதினொன்று

இளைய மகளின் நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு நாள் ஆகியும் துயெத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள் வாய்க்கால் ஓரத்து வீடுகளுக்கெல்லாம் ஒரு நடை போய் வந்துவிட்டாள். ஒரு கையில் ஐஸ் போட்ட காபி, இன்னொரு கையில் கேக் தட்டு. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பலகாரத்தை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்பது வழக்கம்தான். ஆனால் துயெத் பலகாரத்தைக் கிள்ளிக் கொடுத்தாள், பேச்சை அள்ளிக் கொடுத்தாள்.

"சிவப்புத் துணி மூடின தட்டு மட்டும் எட்டு. சொந்தத்துல முந்திரித் தோப்பு, சொந்தத்துல கொட்டை உடைக்கிற ஷெட்டு. அந்த சம்பந்தியம்மா இருக்காளே, கல்லுச் சிலை மாதிரி உக்காந்திருந்தா. நம்ம குயென் அந்தத் தாளை எடுத்துக் காட்டினப்பதான் முகத்துல ஒரு அசைவே வந்துச்சு."

அந்தத் தாளைப் பற்றி வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வரி.

துயெத்தின் ஊரான காவ் லானில் மாம்பழத்தைத் துண்டு போட்டு, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் உண்டு. பழம் கப்பல் ஏறும்; தோல் வாய்க்காலில் இறங்கும். அப்படி இறங்கவிருந்த தோலை வாங்கி வந்து, வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, கொஞ்சம் மரவள்ளி மாவு கலந்து, அரிசி மாவில் தாள் ஊற்றுவதற்குக் கொதிபானை வாயில் கட்டுகிற அதே துணியில் மெல்லிசாக ஊற்றி, மூங்கில் தட்டியில் காயவைத்தால், மஞ்சள் நிறத்தில் ஒரு தாள் உரிந்து வரும். அதில் பண்டத்தைச் சுற்றலாம். பண்டத்தோடு சேர்த்துத் தாளையும் தின்னலாம். பிளாஸ்டிக் வேண்டாம், குப்பை இல்லை. ஆலையின் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டுவிட்டு, மூத்த மகள் குயென் இரண்டு வருஷமாக இதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள். 'தோல் திங்கிற வீடு' என்று ஊர் பெயர் வைத்தது. தங்கை லோவானுக்கு வந்த இரண்டு வரன்கள் அந்தப் பெயரைக் கேட்டே நகர்ந்தன. மூன்றாவதாக வந்தவன்தான் வின், முந்திரி ஊரான பூ தாங்கிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்தில் அந்தக் கேலிக்கெல்லாம் வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தட்டுகளில் பாதியை, மூடியை மல்லாத்தி வைத்து, அவர்களிடமே திருப்பிக் கொடுப்பது முறை. அந்தப் பாதியோடு துயெத் தன் வீட்டுச் சீராக நூறு பொட்டலம் தேங்காய் மிட்டாயும் வைத்தாள். ஒவ்வொரு மிட்டாயும் குயெனின் மாந்தோல் தாளில் சுற்றியது.

குயென் நாற்காலி மேல் ஏறி நின்றே பேசினாள். "தாளைப் பிரிக்க வேண்டாம், அப்படியே சாப்பிடலாம். நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தாச்சு, ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை" என்றாள். வின்னின் அக்கா மகள் கோம், ஆறு வயசு, தயங்கியது. குயென் இறங்கி வந்து தன் கையாலேயே அதன் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

செவ்வாய் காலை, துயெத் கடைசி வீட்டில் அந்தக் கைதட்டலை விவரித்துக்கொண்டிருந்தபோது, ஊஞ்சல் வலையில் படுத்திருந்த லோவானின் போன் அடித்தது.

வீடியோவில் வின்னின் முகம் வந்ததும் லோவான் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டு நின்றது. வாயைச் சுற்றிக் கொப்புளம்.

"என்ன ஆச்சு? யாராவது அடிச்சாங்களா?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து அரிப்பு. எனக்கு மட்டுமில்லை, பஸ்ஸுல வந்தவங்கள்ல பதினாலு பேருக்கு. கோமைப் பாரு." போனைத் திருப்பினான். பாயில் குழந்தை கிடந்தது. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. "ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டாச்சு. உயிருக்கு ஒண்ணுமில்லையாம். ஏதோ ஒத்துக்காததைத் தின்னிருக்கீங்க, என்னன்னு யோசிங்கன்னு டாக்டர் சொன்னார்."

இதற்குள் துயெத் வீடு திரும்பிவிட்டாள். மகள் கையிலிருந்து போனை வாங்கி அந்த உதட்டை ஒரு கணம் பார்த்தாள். ஒரே ஒரு கணம். பிறகு மடமடவென்று பேச ஆரம்பித்தாள்.

"வழியில எங்கே சாப்பிட்டீங்க தம்பி?"

"உங்க ஊரைத் தாண்டி, ஆத்துப் பாலத்தடியில ஒரு நூடுல்ஸ் சூப் கடையில."

"அதான பார்த்தேன். அந்தக் கடைக்காரங்க முந்தாநேத்து எலும்பை இன்னிக்கு வேகவைப்பாங்க. இறாலு எந்தச் சாக்கடையில பிடிச்சதோ. வேற ஒண்ணும் இல்லை, அந்தக் கடைதான். எழுதி வச்சுக்கோங்க."

வின்னின் அம்மா கிம் போனை வாங்கினாள். முப்பது வருஷம் முந்திரிக் கொட்டை உடைத்தவள், பேச்சும் அந்த வேலை போல நிதானம். சர்க்கரை வியாதி என்பதால் இனிப்பு தொடுவதில்லை. அவள் உதடு சரியாக இருந்தது.

"அந்தக் கடைன்னா சொல்றீங்க சம்பந்தியம்மா?"

"வேற எதைச் சொல்ல?"

"சரி. உங்க வீட்டு மிட்டாய் இன்னும் அறுபது பொட்டலம் இருக்கு. இன்னிக்கு மூணு மணிக்கு ஷெட்டு விடும்போது தெருவுக்கெல்லாம் பங்கு வச்சுடறேன். நிச்சயம் ஆனது ஊருக்குத் தெரிய வேண்டாமா?"

துயெத் போனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "தாராளமா கொடுங்க" என்றாள்.

குயென் வாசலில் மாந்தோல் கூடையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தாள். அம்மா சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அதற்காகத்தான் பேசாமல் நின்றாள். அவளை நல்லவள் என்று நினைக்கிற நாமும் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கோமின் மூடிய கண் அவளை விடவில்லை. ஒன்பது மணிக்குத் தங்கையிடம் வந்தாள்.

"லோவான், வின்னைக் கேளு. கோம் அந்தக் கடையில என்ன சாப்பிட்டா?"

லோவான் தட்டினாள். பதில் உடனே வந்தது. வாய்விட்டுப் படித்தாள்.

"'கோம் கடையில இறங்கவே இல்லை. தூங்கிட்டா. எழுந்ததும் மிட்டாய்தான் தின்னா, எட்டு. குயென் அக்கா சொன்ன மாதிரி தாளோட. ஆனா அந்தக் கடையிலதான் அவளுக்குத் தண்ணி பிடிச்சோம், தண்ணியில இருந்திருக்கும்.'"

படித்து முடித்துவிட்டு லோவான் போனைத் தொடை மேல் கவிழ்த்து வைத்தாள். அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குயென் உள்ளே போய் தன் நோட்டை எடுத்தாள். தாளைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களின் பட்டியல் அதில் இருந்தது. ஒன்று முதல் நாற்பது வரை பெயர், ஊர், ருசி எப்படி, வயிறு எப்படி. எல்லாம் அவளுடைய பழைய ஆலையில் தோல் சீவும் பெண்கள்.

நாற்பதுக்குக் கீழே ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. நேர்க்கோடு, ஸ்கேல் வைத்து அடித்தது. கோட்டுக்கு அடியில் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. 'நாற்பத்தொன்று. ஹுவே. கா மாவ். உதடு புண்.' பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு சொல்: 'புதுசு.'

இதில் மோசடி எதுவும் இல்லை. காவ் லானில் யாராக இருந்தாலும் அந்த வரியை அடித்திருப்பார்கள். ஆலைக்குப் புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் மாதம் மணிக்கட்டு வீங்கும், கழுத்து தடிக்கும். 'மாமரம் ஆளைப் பார்க்குது' என்று பழையவர்கள் சிரிப்பார்கள். மூன்று மாதத்தில் மரம் பார்த்து முடித்துவிடும். பிறகு அந்தக் கைக்கும் வாய்க்கும் மாம்பால் ஒன்றும் செய்யாது. இங்கே பிறந்தவர்களுக்கோ மரம் தொட்டிலிலேயே பார்த்துவிடுகிறது. பிள்ளைகள் பழத்தைத் தோலோடு கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும். ஆகவே புதுசுக்கு உதடு புண்ணானால் அது தாளின் குறை இல்லை, புதுசின் குறை. ஊரே அப்படித்தான் நினைக்கும். குயென் படித்தவள், அவளும் ஊரோடு சேர்ந்தே நினைத்தாள்.

பூ தாங்கிலிருந்து வந்த முப்பது பேரும் புதுசு என்பது ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். பதினோரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. வெளிச்சுவர் நிழலில் வெள்ளை பூட்ஸோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாடி கல்யாண வீட்டுக்காரி. மிட்டாய் எங்கே?" என்றாள் ஒருத்தி.

"தோலை நாம சீவினோம், மிட்டாய் முந்திரிக்காரனுக்கா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். குயெனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஹுவே கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுப் பெண். குயென் பக்கத்தில் குந்தினாள்.

"ஹுவே, அன்னிக்கு என் தாளைச் சாப்பிட்டியே, உதட்டுல புண் வந்துச்சே. எத்தனை நாள் இருந்துச்சு?"

"பன்னெண்டு நாள்க்கா. மீன் குழம்பு வாயில வைக்க முடியலை. வெறும் கஞ்சிதான்."

"பன்னெண்டு நாளா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

ஹுவே நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "சொன்னேனேக்கா. மறுநாளே வந்து சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்களே."

குயெனுக்கு எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது. எழுதும்போது சிரித்ததும் நினைவுக்கு வந்தது. 'மாமரம் உன்னை இப்போதான் பார்க்குது' என்று தானும் அன்று சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணும் கூடவே சிரித்தாள், உதடு வலிக்க.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப பழகிருச்சு" என்றாள் ஹுவே. சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் குயென் ஸ்கூட்டரை வாய்க்கால் பாலத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அவளை உறுத்தியது தாள் அல்ல. தப்பு செய்யாத விஞ்ஞானம் உண்டா? நாற்காலி மேல் ஏறி நின்று 'ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லை' என்று சொன்னதுதான். அந்த ஒருத்தி சுவர் ஓரமாக உட்கார்ந்து பன்னிரண்டு நாள் கஞ்சி குடித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வரும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. அப்பா லாம் தோப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், பூச்சி படாமலிருக்க மாங்காய்களுக்குக் காகிதப் பை மாட்ட. வீட்டில் விவகாரம் வருகிற அன்றெல்லாம் அவருக்குப் பை மாட்டும் வேலை வந்துவிடும். மகளின் முகத்தைப் பார்த்ததும் இரண்டு கட்டுப் பை கூடுதலாக எடுத்துக்கொண்டு போனார்.

துயெத் புளிக்குழம்புக்கு மீன் அரிந்துகொண்டிருந்தாள். லோவான் அடுப்படிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மா, கடை இல்லை. என் தாள்தான்" என்றாள் குயென். "தோல்ல இருக்கிற பால். வேகவச்சும் போகலை. நமக்கு ஒண்ணும் செய்யாது, மத்தவங்களுக்குச் செய்யுது. அதுவும் அவங்க முந்திரிக்காரங்க. முந்திரிப் பாலும் மாம்பாலும் பங்காளி. ஒண்ணு பட்ட உடம்பு இன்னொண்ணைத் தாங்காது. மூணு மணிக்கு அவங்க அறுபது பொட்டலம் கொடுக்கப் போறாங்க. தெரு முழுக்கக் கொட்டை உடைக்கிறவங்க. இப்பவே போன் பண்ணணும்."

துயெத் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்த உதட்டைப் பார்த்த உடனே தெரியும். இருபத்திரண்டு வருஷம் தோல் சீவியிருக்கேன். எத்தனை புதுசுங்க உதட்டைப் பார்த்திருக்கேன்."

"அப்ப ஏன் மா கடைன்னு சொன்னீங்க?"

"பின்னே என்ன சொல்லச் சொல்றே?" துயெத் கத்தியைக் கீழே வைத்தாள். "'என் பொண்ணு உங்க பேத்திக்கு விஷத்தை ஊட்டினா'ன்னு சொல்லவா? தோல் திங்கிற வீடுன்னு ரெண்டு சம்பந்தம் போச்சு. இதுவும் போனா உன் தங்கச்சிக்கு யார் வருவா? காலையிலதான் வீடு வீடாப் போய்ப் பெருமை பேசிட்டு வந்தேன். சாயங்காலம் அதே வாசல்ல என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு நடப்பேன்? நிச்சயம் ஆயிடுச்சு, கல்யாணம் ஆகட்டும். அப்புறம் நீ மைக் வச்சுச் சொல்லு."

"அறுபது பொட்டலம் மா."

துயெத் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அந்த அறுபதும் காலையிலிருந்து அவள் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டுதான் இருந்தது. 'தாராளமா கொடுங்க' என்று சொன்ன வாய்க்கு என்ன தண்டனை என்று யோசித்துக்கொண்டேதான் மீன் அரிந்தாள். ஆனால் வெளியே சொல்ல மாட்டாள். அது அவள் சுபாவம்.

லோவான்தான் வழி கண்டுபிடித்தாள். வீட்டின் கடைக்குட்டி, வலிக்காமல் காரியம் முடிக்கப் பழகினவள்.

"அக்கா, பொட்டலத்தைக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே? தேங்காய் காறிப் போச்சுன்னு சொல்லிடலாம். 'எங்க வீட்டு மிட்டாய்ல காறல் அடிக்குது, தூக்கிப் போட்டுடுங்க, வேற அனுப்பறோம்'னு சொல்லு. யாருக்கும் கெடுதல் இல்லை. யாருக்கும் தலைகுனிவும் இல்லை."

"டாக்டருக்கு என்னன்னு தெரியணுமே."

"டாக்டர்தான் ஊசி போட்டுட்டாரே." லோவானின் குரல் உடைந்தது. "அக்கா, ரெண்டு வருஷமா உன் தாளுக்காக இந்த வீட்டுல எல்லாரும் கேலியைத் தின்னோம். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? எனக்காக இந்த ஒரு பொய் சொல்ல மாட்டியா?"

குயெனுக்குச் சம்மதிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவமானம், சொல்லாவிட்டால் குற்றம். காறிப்போன தேங்காய் இரண்டுக்கும் நடுவில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு மணிக்குப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெரியம்மா, நான் குயென் பேசறேன்."

"சொல்லும்மா" என்றாள் கிம்.

"அந்த மிட்டாய்... மீதி இருக்கிற மிட்டாய்ல தேங்காய்..."

அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் கேட்டது. மூக்கடைத்த, தூங்கி எழுந்த குரல். "பாட்டி, யாரு? மிட்டாய் அக்காவா?"

லோவான் அக்காளின் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"தேங்காய்க்கு ஒண்ணுமில்லை பெரியம்மா" என்றாள் குயென். "தாள்லதான். நான் செஞ்ச தாள்ல மாம்பால் இருக்கு. அதுதான் எல்லார் உதட்டையும் தின்னிருக்கு. கோமுக்கு நான்தான் என் கையால ஊட்டினேன். நாப்பது பேர்னு சொன்னேன், நாப்பத்தோராவது ஒருத்தி இருந்தா. அவளுக்கும் இப்படித்தான் ஆச்சு. அவ பேரை அடிச்சுட்டேன். அந்தப் பொட்டலம் எதையும் யாருக்கும் கொடுத்துடாதீங்க. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலை."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

பிறகு கிம் சொன்னாள்: "பொட்டலத்தை நேத்தே புதைச்சாச்சு."

குயெனுக்குப் புரியவில்லை.

"எரிக்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். பால் உள்ளதை எரிச்சா புகை கண்ணைத் தின்னும், அதனால குழி தோண்டிப் புதைச்சேன். முப்பது வருஷம் கொட்டை உடைச்சவ நான். பால் பட்ட உதடு எனக்குத் தெரியாதா? எங்க ஆளுங்க மாம்பழத்தைத் தோல் சீவாம வாய்கிட்ட கொண்டு போக மாட்டாங்க. அன்னிக்கு நீ மாந்தோலுன்னு சொன்னப்பவே எனக்குத் திக்குன்னுச்சு. படிச்ச பொண்ணு, நாப்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்தேங்குது, நமக்கென்ன தெரியும்னு வாயை மூடிக்கிட்டேன். அந்தத் தப்பு என்னோடது."

"அப்ப காலையில... மூணு மணிக்குப் பங்கு வைக்கப் போறேன்னு..."

"உங்கம்மா கடைன்னு சொன்னாங்க. சொன்ன வேகத்துலயே தெரிஞ்சுது. சரி, மூணு மணின்னு சொல்லுவோம், அதுக்குள்ள அந்த வீட்டுலேர்ந்து ஒருத்தராவது கூப்பிடறாங்களான்னு பார்ப்போம்னு இருந்தேன்."

துயெத் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். குழம்பு கொதித்து வழிந்தது. அவள் கரண்டியை எடுக்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு" என்றாள் கிம். "உங்கம்மாவை விடு, அவங்க பயம் எனக்குப் புரியுது. என் வீட்டுக்கு வரப்போற பொண்ணுக்கு இது தெரியுமா?"

குயென் தங்கையைப் பார்த்தாள். 'தெரியாது' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இவ்வளவு உண்மை சொன்னபிறகு ஒரு பொய் பெரிசா?

லோவான் எழுந்து வந்து அக்காளின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"தெரியும்மா" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"ஒன்பது மணிலேர்ந்து. கோம் கடையில இறங்கலைன்னு வின் எழுதினாரே, அப்பவே. அக்கா வெளியில போய்த் தேடினா. நான் தேடலை, எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொன்னா நீங்க என்னை வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்து சும்மா இருந்தேன்."

இந்த முறை பதில் சொன்னது கிம் இல்லை. பக்கத்திலிருந்து வின்னின் குரல் வந்தது, வீங்கிய உதட்டோடு குழறிக்கொண்டு. அந்தப் பக்கமும் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.

"ஒன்பது மணிக்கே தெரியுமா லோவான்?"

"தெரியும்."

"நான் பத்து மணிக்கு அந்தக் கடையைப் பத்தி ஃபேஸ்புக்குல எழுதினேன். உங்கம்மா அவ்வளவு நிச்சயமா சொன்னாங்களேன்னு. கடைப் படம், கோமோட முகம், ரெண்டையும் சேர்த்துப் போட்டேன். 'இங்கே சாப்பிடாதீங்க, குழந்தைக்கு விஷம் வச்சாங்க'ன்னு எழுதினேன். ஆறாயிரம் பேர் பகிர்ந்திருக்காங்க."

"என்னடா சொல்றே?" கிம்மின் குரல் முதல் தடவையாக ஏறியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க மட்டும் என்கிட்ட சொன்னீங்களா மா? குழி தோண்டினேன்னு, கடை இல்லைன்னு, சொன்னீங்களா? யார் கூப்பிடறாங்கன்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"எடுத்துடுங்க" என்றாள் லோவான். "இப்பவே அதை எடுத்துடுங்க."

"எடுக்கறேன். எடுத்து என்ன ஆகப்போகுது? மத்தியானம் நாலஞ்சு பேர் போய் அந்தக் கடைக்கார அம்மாவோட சூப் பானையை ரோட்டுல கவுத்துட்டாங்க. வீடியோ வந்திருக்கு. பார்த்துட்டு, சரியாத்தான் செஞ்சாங்கன்னு நினைச்சேன். அந்தம்மா ரோட்டுல உக்காந்து எலும்பைப் பொறுக்கி வாளியில போட்டுக்கிட்டிருக்கு. இன்னிக்குக் காலையில வாங்கின எலும்புன்னு எல்லார்கிட்டயும் எடுத்து எடுத்துக் காட்டுது."

யாரும் போனை வைக்கவில்லை.

துயெத் அடுப்பிலிருந்து திரும்பினாள். குழம்பின் நுரை வழிந்து நெருப்பு அணைந்திருந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கியவள், மீன் வாடை அடிக்கவே இறக்கிக்கொண்டாள்.

"நான் கடைன்னுதானே சொன்னேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒரு ஆளைச் சொல்லலையே."